ஜூலையின் பதினெட்டாவது வண்டி

ஜூலை முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது பத்துக்குச் சாலோமி கணினியைத் திறந்தபோது திரையில் அந்த மாதக் கார் பதிவு பதினைந்து என்று இருந்தது. மாலைக்குள் அது பதினெட்டாக வேண்டும். ஆகாவிட்டால் கல்லிடைக்குறிச்சிக் கிளை செப்டம்பரோடு மூடப்படும். பன்னிரண்டு பேருக்கு வேலை போகும். அதில் சாலோமியும் ஒருவர்.

கிளை என்றால் பெரிய கண்ணாடி மாளிகை எதுவும் இல்லை. அப்பளம் அடுக்கி வைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கிக்கு வெள்ளையடித்து, முன்பக்கம் மட்டும் கண்ணாடி போட்டு, மூன்று கார்களை நிறுத்தியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் இன்றும் உளுந்து மணக்கும். தலைமை ஷோரூம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில். அங்கே போக மனமில்லாத அம்பாசமுத்திரம் சுற்று வட்டாரத்துக்காரர்கள் இங்கே வருவார்கள். வண்டியைச் சுற்றி வருவார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள், காப்பி குடிப்பார்கள், போவார்கள். ஆறு மாதம் கழித்து ஒருநாள் குடும்பத்தோடு வந்து வாங்குவார்கள்.

கார் விற்பனையில் மூன்று எண்கள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்கு லாரியில் ஏற்றி அனுப்பியதையே கம்பெனி விற்பனை என்று சொல்லிக்கொள்ளும். வாடிக்கையாளருக்கு பில் போட்டதை ஷோரூம் விற்பனை என்று சொல்லும். மூன்றாவது, அரசின் பதிவுத் தளத்தில் வண்டிக்கு எண் விழுவது. முதல் இரண்டையும் கொஞ்சம் இழுக்கலாம், நீட்டலாம். மூன்றாவதை நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. மாதம் பிறந்து ஐந்தாறு நாளில் அதைக் கூட்டி, போன ஆண்டோடு ஒப்பிட்டு, ஜனங்கள் கையில் காசு புழங்குகிறதா, முடங்கிவிட்டதா என்று மும்பையில் அறிக்கை எழுதுகிறார்கள். வங்கிகள் அதைப் படிக்கின்றன. டயர்க் கம்பெனிகள் படிக்கின்றன. ஒரு கிளையை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று முடிவு செய்கிறவர்களும் அதைத்தான் படிக்கிறார்கள்.

கல்லிடைக்குறிச்சியில் அந்த மூன்றாவது எண்ணை விழவைக்கிற விரல் சாலோமியுடையது.

நாற்பத்தாறு வயது. பாளையங்கோட்டை மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள். கணவர் ரிச்சர்டுக்குக் கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் வேலை. வாரம் ஒருநாள்தான் அம்பாசமுத்திரத்து வீட்டுக்கு வருவார். மகள் ஸ்வீட்லின் நர்சிங் இரண்டாம் ஆண்டு. பத்தொன்பது வருடங்களுக்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எதிரே இருந்த தட்டச்சுக் கடையில் படிவம் அடிக்கத் தொடங்கியவர் சாலோமி. அன்றிலிருந்து இன்றுவரை இந்தப் பள்ளத்தாக்கில் யார், எந்த மாதம், ஏன் வண்டி வாங்குகிறார்கள் என்பது அவர் கைவழியாகத்தான் போயிருக்கிறது. பிசானம் அறுவடை முடிந்த பங்குனியில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர் பெயர்கள் வரும். வளைகுடாக்காரர்கள் விடுப்பில் வரும் ஜூன், ஜூலையில் பொட்டல்புதூர், ரவணசமுத்திரம். ஆசிரியர்களுக்கு நிலுவைச் சம்பளம் வந்துவிட்டால் மிஷன் தெருப் பெயர்களாக விழும்.

அவர் மேசைக்கு மேலே சுவரில் மூன்று காலண்டர்கள் தொங்குகின்றன. தினமும் தாள் கிழிக்கிற, ராகுகாலம் போட்ட காலண்டர் ஒன்று. பள்ளிவாசல் காலண்டர் ஒன்று. தேவாலயத் திருமண்டலக் காலண்டர் ஒன்று. மேலிடத்துக்காரர்கள் வந்தால் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் அவர் சொன்ன எண் ஆறு வருடமாகத் தப்பியதில்லை.

இந்த வருடம் தப்பியது. தப்பு அவருடையது.

மே மாதம் பதினாறு. ஜூன் பதினைந்து. மாதம் பதினெட்டுக்குக் கீழே மூன்று முறை தொடர்ந்து போனால் கிளையை மூடுவது கம்பெனியின் விதி. ஜூன் கடைசியிலேயே மூடுகிற பேச்சு வந்தது. அடுத்து வருவது ஆடி, இனி என்ன விற்கப்போகிறது என்றார்கள். அப்போது சாலோமி எழுத்தில் ஒரு கணிப்பு கொடுத்தார். ஆடியில் இந்துக்கள் வண்டி எடுக்கமாட்டார்கள். ஆனால் பொட்டல்புதூரும் ரவணசமுத்திரமும் ஜூலையைத் தாங்கும், ஒவ்வொரு வருடமும் தாங்கியிருக்கிறது, பதினெட்டு உறுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் பார்க்க மறந்தது சபர் மாதத்தை. இஸ்லாமிய ஆண்டின் இரண்டாம் மாதம். சில குடும்பங்களில் அந்த மாதம் நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லை. அப்படியொன்று மார்க்கத்தில் கிடையாது என்று சொல்கிற குடும்பங்களும் உண்டு. பிறைக் கணக்கில் ஓடும் மாதம் என்பதால் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னே நகரும். போன வருடம் ஜூலை கடைசி வாரத்தில்தான் சபர் பிறந்தது. அதற்குள் பொட்டல்புதூர்க்காரர்கள் வண்டியை எடுத்துவிட்டிருந்தார்கள். இந்த வருடம் ஆடியும் சபரும் ஒரே நேரத்தில் பிறந்தன. சாலோமிக்கு ஆடியும் இல்லை, சபரும் இல்லை. இரண்டையும் வாடிக்கையாளர்களிடமிருந்து கற்றுக்கொண்டவர். பள்ளிவாசல் காலண்டரை ரமலானுக்கும் பெருநாளுக்கும் மட்டுமே புரட்டிப் பழகியிருந்தார்.

ஜூலை பதினாறு வரை பதினான்கு வண்டிகள். அதற்கடுத்த பதினைந்து நாளில் ஒன்றே ஒன்று.

"எம்மா சாலோமி, என்ன சொல்லுது பெட்டி?" கிளை மேலாளர் கருத்தையா உள்ளே வரும்போதே கேட்டார்.

"பதினஞ்சு சார்."

"நேத்து சாயங்காலமும் அதான சொல்லிச்சு?"

"நேத்து ராத்திரி எவரும் வண்டி வாங்கல சார்."

"நக்கலு குறையுதா பாரு. எழுதிக் குடுத்தது நீதான? பதினெட்டு வரலாம்னு எழுதப்பிடாதா? உறுதின்னு எதுக்கும்மா எழுதுன? வாத்தியார் மவள்னா எல்லாத்துக்கும் விடைத்தாள் மாதிரி எழுதணுமா?"

பத்து மணிக்கு மதுரையிலிருந்து மண்டல அதிகாரி சித்ரலேகா பேசினார். இவர்தான் ஜூனில் சாலோமியின் கணிப்பை நம்பி ஒரு மாதம் தள்ளிப்போட்டவர்.

"விளக்கம் வேண்டாம் சாலோமி. ஆடி எல்லா ஊருக்கும்தான் வருது. எனக்கு ஆறு மணிக்கு நம்பர் மட்டும் சொல்லுங்க. பதினேழுன்னா பதினேழுன்னு எழுதி மேல அனுப்பிடுவேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல."

கருத்தையா ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார். இணைப்பு நின்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னொரு கிளையில என்ன செஞ்சிருக்கான் தெரியுமா? டிரைவர் பேர்ல ஒண்ணு, வாட்ச்மேன் பேர்ல ஒண்ணு. போட்டுத் தள்ளிட்டான். உம் பேர்ல ஒண்ணு போடு, எம் பேர்ல ஒண்ணு போடுதேன்."

"எம் பேர்ல காரா? ரிச்சர்டு வந்து வண்டி எங்கன்னு தேடுவாரே சார்."

"ஏம்மா, நெசமாத்தான் சொல்லுதேன்."

"நானும் நெசமாத்தான் சொல்லுதேன். ஓடாத வண்டிய ஓடுனதா எழுதிட்டு, அப்புறம் அதைப் பழைய வண்டின்னு யாரு தலையில கட்டுவீங்க?"

சாலோமி பட்டியலை எடுத்தார். முழுப் பணமும் கட்டி, எண் விழாமல் நிற்கிற வண்டிகள் ஏழு. அதில் நாலு பேர் ஆடி பார்க்கிறவர்கள். இரண்டு பேர் திங்கட்கிழமை ஆடிப்பெருக்குக்கும், இரண்டு பேர் ஆவணி ஒன்றாம் தேதிக்கும் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைக் கேட்கவே கூடாது. ஆடிப்பெருக்கு மூன்று நாள் முன்னே வந்திருந்தால் இந்தப் பாடு இல்லை. மிச்சம் மூன்று பேர். மூன்றும் வேண்டும். ஒன்றுகூட விட முடியாது.

முதலில் முதலியார்பட்டி ஜவுளிக்கடை நூகுவைப் போனில் பிடித்தார்.

"அண்ணாச்சி, சபர்னு யோசிக்கீங்களோ?"

"யாரு யோசிக்கா? மாசம் என்னம்மா பாவம் பண்ணிச்சு? மச்சினன் சவுதி தம்மாம்லேருந்து வாரான். சேந்து எடுப்போம்னு வச்சேன்."

"வண்டியச் சேந்தே எடுங்க. நம்பர் மட்டும் இன்னைக்குப் போட்டுக்கிடுதேன்."

"போடு. அதுக்குப் பதிலா பின்னாடி ஒரு கேமரா வச்சிரு."

"அது வண்டியோடயே வருது அண்ணாச்சி."

"அப்ப ரெண்டா வை."

பதினொன்று இருபதுக்குத் திரையில் பதினாறு.

அடுத்து பாக்கியசீலன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆகஸ்டில் அவருடைய சபையில் எல்லாரும் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகை. அன்றைக்கு ஜெபம் பண்ணி வண்டியை எடுக்க வேண்டும் என்று வைத்திருந்தார். எண் முன்னால் விழுவதில் அவருக்கு மறுப்பில்லை. ஆனால் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். பன்னிரண்டு மணிக்கு நேரில் வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, படிவத்தைத் தேர்வுத்தாள் போல முதல் வரியிலிருந்து படித்தார். நாலாவது வரியில் விரல் நின்றது.

"தகப்பனார் பேர்ல ஒரு எழுத்து குறையுதம்மா."

"சார், அது ஒண்ணும் பண்ணாது. பின்னாடி திருத்திக்கிடலாம்."

"கர்த்தரோட ஜீவபுஸ்தகத்துல சரியா எழுதியிருக்கும். நீயும் சரியா எழுதிரு."

திருத்தினார்கள். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். கருத்தையா வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தார். பாக்கியசீலன் நிமிர்ந்து, "தம்பி, பரீட்சை ஹால்ல இப்படி நடந்தா பிள்ளைகளுக்குக் கவனம் சிதறும்" என்றார். கருத்தையா உட்கார்ந்துவிட்டார்.

ஒன்று இருபத்தைந்துக்குப் பதினேழு.

மூன்றாவது வண்டி பொட்டல்புதூர் மைதீன் பாத்திமாவின் பெயரில். வாங்குகிறவர் அவர் மகன் ரசீத். டோகாவில் ஒரு வீட்டில் பதினோரு வருடமாக டிரைவர். ஒன்பதாம் தேதி விமானம். அவருக்கு சபரில் நம்பிக்கை இல்லை. அம்மாவுக்கு உண்டு. இரண்டு வாரமாக வண்டி கிளையின் பின்கட்டில் உறை போட்டு நிற்கிறது. ஜும்ஆ தொழுகை நேரம் என்பதால் ரசீதின் கைபேசி அணைந்திருந்தது. இரண்டு இருபதுக்கு அவரே கூப்பிட்டார்.

"அக்கா, கடைசியில நான் மட்டுந்தானா?"

"நீங்க மட்டுந்தான் தம்பி. உம்மாகிட்டப் பேசுனீங்களா?"

"பேசி என்னத்துக்கு? மூணு வாட்டி பேசியாச்சு." ரசீத் குரலைத் தாழ்த்தினார். "உம்மா சாப்புட்டுட்டுக் கண்ணசந்துட்டா. அவ போனு எங்கையிலதான் இருக்கு. நீங்க அங்கன அனுப்புங்க. ஆறு நம்பரு வந்த உடனே நான் இங்கனருந்து சொல்லிருதேன். முடிஞ்சு போச்சு."

எல்லாத் தாள்களும் ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது. உரிமையாளரின் கைபேசிக்குப் போகிற ஆறு இலக்கக் குறியீடு ஒன்றுதான் பாக்கி. கருத்தையா பின்னால் வந்து நின்றார்.

"அமுக்கும்மா."

சாலோமியின் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் அவரவர் வேலையைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு இந்த விரலைத்தான் பார்த்தார்கள். பில் போடுகிற தஸ்மியா அச்சு இயந்திரத்தில் தாள் வைக்கப் போனவள், தாளைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

ஆறு வருடத்துக்கு முன் ஆழ்வார்குறிச்சிக்காரர் ஒருவருக்குச் சாலோமி இதைச் செய்திருக்கிறார். அப்போதும் மாதக் கடைசி. அப்போதும் யாரோ அமுக்கச் சொன்னார்கள். ஆவணியில் வண்டி எடுக்க வந்தவர் பதிவுச் சான்றில் ஆடித் தேதியைப் பார்த்தார். வண்டியைத் தொடவில்லை. அதன்பிறகு மூன்று மாதம், வாரம் தவறாமல் வந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி கேட்டார்: "எங்கிட்டக் கேக்காம என் வண்டிக்கு எப்படி ஆடி வந்துச்சு?" சத்தம் போடவில்லை. அதுதான் சாலோமியால் தாங்க முடியாமல் இருந்தது.

"தம்பி, உம்மா முழிக்கட்டும். நான் நேர்ல வாரேன்."

"அக்கா, முழிச்சா விடமாட்டா அக்கா!"

"விடலன்னா விடல."

கருத்தையா தலையில் கைவைத்தார். "பொத்தான அமுக்கச் சொன்னா பிரயாணம் கெளம்புதா! இது ஊழியமாம்மா?"

"நாலரைக்குள்ள கூப்புடுதேன் சார். தஸ்மியாவ எங்கயும் அனுப்பாதீங்க."

மூன்று மணிக்கு ஸ்கூட்டரைக் கிளப்பினார். ஆற்றுப்பாலம் தாண்டி, அம்பாசமுத்திரம் கடைவீதி தாண்டி, கார் பருவத்து நெல் பச்சைக்கு நடுவே போகிற சாலையில் வேகமாகத்தான் வந்தார். ஆழ்வார்குறிச்சியில் நின்றது. மூன்றாம் ஆடி வெள்ளி. அம்மன் கோயிலுக்குப் பால்குட ஊர்வலம். சாலை முழுக்க மஞ்சள் சேலை, முரசு, நடுவில் மாட்டிக்கொண்ட இரண்டு பேருந்துகள். ஐந்து நிமிடம் நின்றார். பத்து நிமிடம். பிறகு ஸ்கூட்டரை அணைத்து, சாக்கடை ஓரமாகத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

"சாலோமியக்கா!" தலையில் குடத்தோடு ஒரு பெண் கூப்பிட்டாள். "ஆவணி ஒண்ணு, காலையில ஆறரைக்கு. எங்க வண்டி ரெடிதான?"

"ரெடி, ரெடி."

"வெள்ளை மாத்திக் குடுத்திராதிய. செவப்பு!"

கூட்டத்தைப் பிளந்து வெளியே வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. வரும்போது எதிரில் இன்னும் மூன்று முகங்கள் தெரிந்தவை. எல்லாம் பணம் கட்டத் தயாராக இருப்பவர்கள், நாள் பார்த்துக் காத்திருப்பவர்கள். இத்தனை பேரை வைத்துக்கொண்டுதான் ஊரில் காசில்லை என்று யாரோ எழுதப்போகிறார்கள் என்று அவருக்கு அப்போது தோன்றியது.

பொட்டல்புதூரில் மூன்று ஐம்பது. மைதீன் பாத்திமா எழுந்து முகம் கழுவியிருந்தார். அறுபத்துமூன்று வயது. வாசலிலேயே விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு.

"வாம்மா. உக்காரு. தேயிலத் தண்ணி குடி. ஆனா சபர்ல எம் பேரு எதுலயும் எழுதப்பிடாது. அதச் சொல்லிப்புட்டேன்."

"சரிம்மா."

"என்ன சரிங்கே? இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்த? அப்படி இன்னைக்கே எழுத என்ன அவசரம்?"

சாலோமி சொன்னார். பதினெட்டு என்ற எண்ணை, மூன்று மாத விதியை, தான் எழுதிக் கொடுத்ததை, சபரைப் பார்க்காமல் விட்டதை. கிளையில் பன்னிரண்டு பேர் என்பதையும் சொன்னார். எதையும் கூட்டவில்லை. சொல்லி முடித்து, தேநீரைக் குடித்து, கைபேசியைப் பார்த்தார். நாலு எட்டு.

"ஒரு காரை நான் இன்னைக்கு எழுதலன்னா பன்னெண்டு பேரு வூட்டுக்குப் போவணுமா? இது என்ன கணக்கு?"

"அப்படித்தான் வச்சிருக்காங்கம்மா."

"யாரு?"

"மேல."

மைதீன் பாத்திமா மகன் பக்கம் திரும்பினார். "ஏலே ரசீத்து, உனக்குத்தான் சபரு கிடையாதே. உம் பேர்ல எழுதிருலே."

ரசீதின் முகம் மாறியது. "என்ன சொல்லுத உம்மா? உம்ராவுக்குப் போனப்ப நிய்யத்து வச்சிருக்கேன். மொத வண்டி உம்மா பேர்லதான்னு. பதினோரு வருசமா ஊராரு வண்டிய ஓட்டுனது எதுக்கு?"

"நிய்யத்து வண்டிக்கா, காயிதத்துக்கா? சபரு போவட்டும். அப்புறம் எம் பேருக்கு மாத்திக்கிடு."

இங்கே சாலோமி வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். நாலு பன்னிரண்டு. ஆனால் பின்னால் தெரியவந்து வாசல் நாற்காலியில் இன்னொருவர் வந்து உட்காருவதை அவர் விரும்பவில்லை.

"மாத்தலாம்மா. ஆனா மாத்துனா சான்றுல உங்களை ரெண்டாவது உரிமையாளர்னுதான் போடும். முதலாவதுன்னு போடாது."

"பாத்தியா!" என்றார் ரசீத். "என் உம்மா ரெண்டாவதா? வேண்டாம் அக்கா. நீங்க போங்க."

மைதீன் பாத்திமா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார்.

"ஏம்லே, ரெண்டாவதுன்னா என்ன குறைஞ்சுபோச்சு? உங்க வாப்பாவுக்கு நான் ரெண்டாவதுதான். மூத்தவ மவுத்தாகி ஒரு வருசம் கழிச்சு என்னைக் கட்டுனாரு. முப்பது வருசம் இந்த வூட்டை நான்தான ஓட்டுனேன்?"

ரசீத் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. சாலோமியும் குனிந்துகொண்டார்.

"எழுதும்மா அவன் பேர்ல," என்றார் மைதீன் பாத்திமா. "ஒண்ணே ஒண்ணு. சபரு முடியற வரைக்கும் வண்டி தெருவுல உருளப்பிடாது. சாவியை இவங்கையில குடுக்காத."

"உம்மா, எனக்கு ஒம்பதாந் தேதி பிளைட்டு."

"தெரியும்லே."

ரசீத் அம்மாவைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அந்த வண்டியை ஒருநாள்கூட ஓட்டாமல் போக வேண்டியிருக்கும் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. நாலு இருபது.

"சரி அக்கா. எழுதுங்க."

அதன்பிறகு நடந்ததெல்லாம் கைபேசியில். பழைய பில்லை ரத்து செய்து, ரசீத் பெயரில் புது பில். காப்பீட்டில் பெயர் மாற்றம். புது விண்ணப்பம். சாலோமி பொட்டல்புதூரிலிருந்து சொல்லச் சொல்ல, தஸ்மியா கல்லிடைக்குறிச்சியில் அடித்தாள். காப்பீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. கருத்தையா அவர் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். அந்தத் தாள் வர ஐந்து மணி பத்து ஆனது. ஐந்து இருபதுக்கு எல்லாம் ஏறியது. குறியீடு மட்டும் வர வேண்டும்.

ரசீத் தன் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வரவில்லை.

"தம்பி, உங்க ஆதார்ல எந்த நம்பர் இருக்கு?"

அவர் யோசித்தார். "வெளிநாடு போகையில வீட்டு நம்பரைக் குடுத்தேன் அக்கா."

வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளில் இது வழக்கம். அஞ்சு பேருடைய ஆதாரும் ஒரே கைபேசியில் கிடக்கும். அந்தக் கைபேசி மைதீன் பாத்திமாவின் மடியில் இருந்தது. அது அப்போதுதான் கிணுகிணுத்தது.

"எனக்குத்தான் வந்திருக்கு," என்றார் அவர். "எனக்கு எதுக்கு வருது? எம் பேர்லயா எழுதுதிய?"

"இல்லம்மா, உங்க மவனுக்குத்தான். நம்பரை மட்டும் படிங்க."

ரசீத் கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. "நானே படிக்குதேன்," என்று மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, செய்தியை முதல் எழுத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். எண்ணுக்கு வந்து சேருவதற்குள் குறியீட்டின் நேரம் முடிந்துவிட்டது. தஸ்மியா மறுபடி அனுப்பினாள். சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்தது. ரசீத் அம்மாவை மொட்டைமாடிப் படிவரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நின்று, சபரில் தன் பெயர் எங்கும் எழுதக்கூடாது என்று சொன்ன பெண், ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, சத்தமாக, வாசலில் நின்ற சாலோமியை நோக்கிச் சொன்னார். சாலோமி அதைக் கைபேசியில் திருப்பிச் சொன்னார். "ஏழு. ஏழா? ஏழுதான். ரெண்டு."

ஐந்து முப்பத்தெட்டுக்கு விண்ணப்பம் போனது. இனி போக்குவரத்து அலுவலகத்தில் ஒருவர் அதைத் திறந்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். ஐந்தே முக்காலுக்கு அலுவலக நேரம் முடியும். வெள்ளிக்கிழமை, மாதக் கடைசி. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கலாம். அவர் யாரென்றே இவர்களுக்குத் தெரியாது.

ஐந்து நாற்பத்தைந்து. கைபேசித் திரையில் பதினேழு. ஐந்து ஐம்பது. பதினேழு. கருத்தையா கூப்பிட்டு, "வந்துச்சா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார். மைதீன் பாத்திமா அஸருக்குத் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். சாலோமியைப் பார்த்து, "பைய மூச்சு வுடும்மா" என்றார்.

ஐந்து ஐம்பத்துமூன்றுக்கு அவர் மடியில் கைபேசி கிணுகிணுத்தது.

"இதுல என்னவோ இங்கிலீசுல எழுத்தும் நம்பரும் போட்டிருக்கு."

டிஎன் 76 என்று தொடங்கியது. சாலோமி அதை இரண்டு முறை படித்தார். பிறகு வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார்.

ஆறு மணிக்கு சித்ரலேகாவுக்கு எண்ணைச் சொன்னார்.

"பதினெட்டு. நல்லது. கிளை தொடரட்டும்னு எழுதிடறேன்," என்றார் அவர். உடனே "ஆகஸ்ட் எவ்வளவு?" என்று கேட்டார்.

"முப்பது மேடம். ஆடிப்பெருக்குக்கு ஆறு. சபர் முடிஞ்சு எட்டு. ஆவணியில மிச்சம்."

"சபர்னா?"

சாலோமி சொன்னார். சித்ரலேகா கேட்டுக்கொண்டார். குறித்துக்கொண்டாரா என்று தெரியாது.

எட்டாம் தேதி சாயங்காலம் ரசீத் கிளைக்கு வந்தார். கருத்தையா சாவியை நீட்டினார், அவர் வாங்கவில்லை. உறையை எடுத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தார். பிறகு பக்கத்து இருக்கையை அம்மாவின் உயரத்துக்குத் தள்ளி, சாய்த்து, சரிபார்த்தார். இறங்கி, உறையை அவரே போட்டார். மறுநாள் காலை விமானம் ஏறினார்.

சபர் முடிந்த மறுநாள் மைதீன் பாத்திமா வண்டியை எடுக்க வந்தார். ஓட்டுவதற்கு உறவுக்காரர் ஒருவர் கூட வந்தார். வண்டி ஓடிய தூரம் ஏழு கிலோமீட்டர் என்று காட்டியது. அதுவும் லாரியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து நிறுத்த ஓடியது. "ரெண்டாவது வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். இருக்கை சரியாக இருந்தது.

மாதம் முடிந்தபோது ஆகஸ்ட் கணக்கு முப்பத்தொரு வண்டிகளில் நின்றது. அதற்கு முன்பே, ஆகஸ்ட் முதல் வாரத்தில், தென் மாவட்டங்களில் கார்களுக்கான தேவை சுணங்கியிருப்பதாக ஒரு செய்தி பத்திரிகையில் ஓரமாக வந்திருந்தது. சாலோமி அதை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

செப்டம்பரில் அடுத்த ஆண்டுக்கான மாதவாரிக் கணிப்பைக் கேட்டு மதுரையிலிருந்து படிவம் வந்தது. சாலோமி இந்த முறை பிறைக் கணக்கு தெரிந்த நூகுவிடம் கேட்டு எழுதினார். அடுத்த வருடம் சபர் ஜூலை ஆறு வாக்கிலேயே பிறக்கிறது. அதே மாதம் பதினேழாம் தேதி ஆடி பிறக்கிறது. ஜூலை கிட்டத்தட்ட முழுக்க அடிபடும். கருத்தையா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"பதினொண்ணா? ஏம்மா, பதினொண்ணுன்னு எழுதுனா அங்கனயே மூடிருவான்."

"மே மாசத்துல இருபத்தாறு போட்டிருக்கேன் சார். ஜூன்ல இருபத்துநாலு. சபருக்கு முன்னாடி எடுக்கிறவங்க எடுத்திருவாங்க. அதையும் சேத்துப் படிக்கட்டும்."

"படிக்கலன்னா?"

"ஜூலை பதினொண்ணுதான் சார்," என்றார் சாலோமி. இந்த முறை "உறுதி" என்று எழுதவில்லை. கையெழுத்தை மட்டும் போட்டார்.